கனவை யாரிடம், எப்போது சொல்வது: விசுவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டவர் மனதில் ஒன்றை வைத்திருக்கிறார் என்று தோன்றியதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை அதை யாரிடமாவது சொல்வதுதான். ஜெபம் அதற்கு அப்புறம். செலவுக் கணக்குப் பார்ப்பது அதற்கும் அப்புறம், சிலர் அதைப் பார்ப்பதே இல்லை. இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இங்கே வேலை. முதலில் ஆண்டவரிடம், பிறகு நோட்டில், பிறகு நேரில் போய்ப் பார்த்து, பிறகு ஒருவர் இருவரிடம், கடைசியில்தான் எல்லாரிடமும்.

கனவு என்று நான் இங்கே சொல்வது தூக்கத்தில் வருவதை இல்லை. மேற்படிப்பு, சொந்தத் தொழில், ஊழியம், வேலையை விடுவது, ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது என்று இன்னும் நடக்காத, நடந்தால் வாழ்க்கையின் போக்கே மாறிவிடும் ஒன்று. சபையில் இளையவர்களோடு இதைப் பற்றிப் பேசிப் பேசி, எந்தெந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், மற்றவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம்.

ஆரம்பிக்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, யாரும் குறுக்கிடாத ஒரு நேரம், அப்புறம் இந்தக் கனவு போகப்போக உருமாறலாம், சில சமயம் கைவிடவும் வேண்டியிருக்கலாம் என்பதை ஏற்கும் மனது. மூன்றாவதுதான் கடினம். அது இல்லாவிட்டால் ஜெபம் என்ற பெயரில் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்கத்தான் உட்காருவீர்கள்.

1. எதற்காக அடக்கி வைக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பயந்து மறைப்பவரும், ஏமாற்றுவதற்காக மறைப்பவரும், காலம் பார்த்து அடக்குபவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். உள்ளே மூன்றும் வேறு வேறு.

முதலில் பயம். யார் கண்ணாவது பட்டுவிடும், பொறாமைப்பட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்பது. பொறாமை பொய் என்று நான் சொல்லவில்லை. யோசேப்பு 17 வயதில் தன் சொப்பனங்களைச் சகோதரரிடம் சொன்னான், அவர்கள் அவனை இன்னும் அதிகமாய்ப் பகைத்தார்கள், கடைசியில் 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். அடிமைத்தனம், சிறை எல்லாம் தாண்டி அவன் பார்வோனுக்கு முன்னால் நின்றபோது வயது 30. பொறாமையால் பாதை வலி மிகுந்ததாயிற்று, ஆண்டவர் குறித்ததை அதால் அழிக்க முடியவில்லை. ஆகவே வீணாக வலியை வரவழைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக அடக்குங்கள், பிறர் கண்ணுக்கு ஆண்டவரைவிடச் சக்தி இருக்கிறது என்று நினைத்து அடக்காதீர்கள். இப்படி பயந்து மூடுபவர் நாளடைவில் சொந்தத் தங்கையைக்கூடச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்தது ஏமாற்று. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கடன், மனைவிக்குத் தெரியாமல் நகை அடகு. அப்போஸ்தலர் 5-ம் அதிகாரத்தில் அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை நன்றாகவே மறைத்தார்கள், ஆனால் அதை யாரும் ஞானம் என்று சொல்லமாட்டோம். தெரிந்தால் தடுப்பார்கள், தடுப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது என்றால், நீங்கள் கனவைக் காக்கவில்லை, தவறுக்குத் திரை போடுகிறீர்கள். இன்னொரு எச்சரிக்கை: "வீட்டில் சொல்லாதே, விசுவாசத்தோடு பணத்தைப் போடு" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் சரி, அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம், காரியம் இன்னும் தெளியவில்லை, வேளை வரவில்லை என்பது. இந்த வழிகாட்டி அவர்களுக்குத்தான்.

2. கதவைப் பூட்டிக்கொண்டு ஆண்டவரிடம் முழுவதையும் சொல்லுங்கள்

மத்தேயு 6:6 சொல்வது தெரிந்ததுதான்: அறைவீட்டுக்குள் போ, கதவைப் பூட்டு, அந்தரங்கத்தில் இருக்கும் பிதாவிடம் ஜெபம்பண்ணு. மனிதரிடம் கொட்டித் தீர்த்துவிட்டு வந்தால் இங்கே சொல்வதற்கு உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. பேசி முடித்த நிம்மதியை ஜெபத்தில் கிடைத்த சமாதானம் என்று நினைத்துக்கொள்வதும் நடக்கும். அதனால்தான் இந்தப் படி முன்னால் வருகிறது.

பிள்ளையில்லாத அன்னாளைக் கவனியுங்கள், 1 சாமுவேல் முதல் அதிகாரம். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியரான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறார். அவள் பதிலில் என்ன சொல்கிறாள்? மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, கர்த்தருடைய சந்நிதியில் இருதயத்தை ஊற்றுகிறேன் என்கிறாள். பிள்ளை வேண்டும் என்ற விஷயத்தை ஏலியிடம் சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை. அவர் ஆசீர்வதிக்கிறார், அவள் எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்காகத்தான் விண்ணப்பம்பண்ணினேன் என்று அவரிடம் சொல்வது, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது. ஊழியரிடம் ஆசி பெறுவதற்கு உள்விவரம் முழுவதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியாது.

3. நோட்டில் எழுதுங்கள்

ஆபகூக் 2:2-ஐ எல்லாரும் இதற்குக் காட்டுவார்கள். நேர்மையாகச் சொன்னால் அந்த வசனம் ஓடுகிறவனும் வாசிக்கும்படி பலகைகளில் தீர்க்கமாய் எழுதச் சொல்கிறது, அந்தரங்க நோட்டுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. நமக்கு உதவுவது அடுத்த வசனம்: தரிசனம் குறித்த காலத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது, தாமதித்தாலும் காத்திரு.

எழுதச் சொல்வது ஒரு நடைமுறைக் காரணத்துக்காக. தலைக்குள்ளேயே இருக்கும் விஷயம் யாரிடமாவது வெளியே வந்தே தீரும், பேப்பரில் இறங்கிவிட்டால் அந்த அவசரம் பாதி அடங்கிவிடும். ஒரு பக்கம் போதும். மேலே தேதி. அதற்குக் கீழே கனவு என்ன என்று ஒரே ஒரு வாக்கியம், அப்புறம் யாருக்குப் பயன், அப்புறம் எனக்கு இதில் என்ன பெருமை கிடைக்கும், கடைசியாக இந்த மாதம் நான் செய்யக்கூடிய மிகச் சிறிய வேலை. பெருமையைப் பற்றிய அந்த வரியைப் பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதை நிரப்பாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் ஊரெல்லாம் சொல்லத் துடிக்கும் துடிப்பு பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

4. சொல்வதற்கு முன் சத்தமில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

இங்கே பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாதான் வாத்தியார், அவர் செய்த வரிசையை அப்படியே பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கும் செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது. அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதத்தில், கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து, அதுவும் ராஜாவே கேட்டபிறகு. அப்போது அவரிடம் பட்டியல் தயாராக இருக்கிறது: எவ்வளவு காலம், நதிக்கு அப்புறத்திலுள்ள தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள், ராஜாவின் வனத்தைக் காக்கும் ஆசாப்பிடமிருந்து மரங்கள். அந்த நான்கு மாதம் சும்மா போகவில்லை என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

எருசலேமுக்குப் போய் மூன்று நாள் இருந்தபிறகு, இராத்திரியில், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, தான் ஏறியிருந்த ஒரே மிருகத்தோடு கிளம்புகிறார். பள்ளத்தாக்கின் வாசல், குப்பைமேட்டு வாசல், ஊருணி வாசல், ராஜாவின் குளம். ஓரிடத்தில் மிருகம் நடக்கவே வழியில்லை. தேவன் தன் மனதில் வைத்ததை ஒருவருக்கும் அறிவிக்கவில்லை என்று 2:12-ல் அவரே எழுதுகிறார்.

உங்களுக்கு இதன் அர்த்தம்: தொழில் என்றால் அந்தத் தொழிலை ஏற்கெனவே செய்கிறவரிடம் ஒரு வாரம் கூடமாட வேலை செய்து பாருங்கள், படிப்பு என்றால் சேர்க்கை விதிகளையும் கட்டணத்தையும் கடைசித் தேதியையும் எழுதி வையுங்கள், ஊழியம் என்றால் அந்த மக்கள் இருக்கும் இடத்துக்குப் பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் போய் உட்கார்ந்து கேளுங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28-ல் இயேசு சொன்னதும் இதுதான். அஸ்திபாரம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் போனால் பார்க்கிறவர்கள் பரியாசம்பண்ணுவார்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. ஊருக்குச் சொல்லிவிட்டுக் கணக்குப் போடுகிறவருக்கு, கணக்கு ஒத்துவராதபோது பின்வாங்கத் தைரியம் வராது, கௌரவத்துக்காகவே நஷ்டத்தில் இறங்குவார். சொல்லாமல் பார்த்தவர் நோட்டை மூடிவிட்டு நிம்மதியாக வேறு வழி யோசிப்பார்.

5. ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுங்கள்

கல்யாணம் ஆனவர் என்றால் முதல் ஆள் யார் என்ற கேள்வியே இல்லை, கணவன் அல்லது மனைவி. ஆலோசனை இல்லாவிட்டால் எண்ணங்கள் சித்தியாமற்போகும் என்று நீதிமொழிகள் 15:22 சொல்வதால், யாரிடமும் சொல்லாமல் தனியாகவே சுமப்பதும் தவறுதான். இந்த இடத்தில் இடறுகிறவர்கள் அமைதியான சுபாவம் உள்ளவர்கள். கனவைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆலோசனையைத் தவிர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? கைதட்டுகிறவரைத்தான் பெரும்பாலும் தேடுகிறோம். யாக்கோபையும் எலியாபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் வணங்கின சொப்பனத்தைக் கேட்டதும் யாக்கோபு தன் மகன் யோசேப்பைக் கடிந்துகொள்கிறார், ஆனால் அந்த வார்த்தையை மனதிலே வைத்துக்கொள்கிறார். எலியாப் தன் தம்பி தாவீதைப் போர்க்களத்தில் கண்டதும் கோபப்பட்டு, உன் அகங்காரத்தை நான் அறிவேன் என்கிறான். முதலாமவர் சொப்பனத்தைக் கேள்வி கேட்கிறார், இரண்டாமவன் ஆளின் உள்நோக்கத்தையே தாக்குகிறான். உங்களுக்கு வேண்டியது யாக்கோபு மாதிரியான ஆள். திட்டத்தைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, உங்களைக் கிழிக்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு சோதனை எளிது. அவர் உங்களிடம் மற்றவர்களுடைய விஷயங்களை எப்படிப் பேசுகிறார்? "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளியே விடாதே" என்று இன்னொருவருடைய குடும்பக் கதையைச் சொல்கிறவர் உங்கள் கதையையும் அதே வாக்கியத்தோடுதான் அடுத்த வீட்டில் ஆரம்பிப்பார். சந்தேகம் இருந்தால் முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டு சில வாரம் பொறுத்திருந்து பாருங்கள்.

சொல்லும்போது எல்லையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "இது என் மனைவிக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும் அண்ணா, அடுத்த வருஷம் வரைக்கும் வெளியே வேண்டாம்." பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அவருக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். அவருக்குத் தெரியாது. நல்ல மனதோடு, உங்களுக்கு உதவி கிடைக்கட்டும் என்று நினைத்தே நாலு பேரிடம் சொல்லிவிடுவார்.

6. ஜெபக்குறிப்பாகக் கொடுக்கும்போது கவனம்

விசுவாசிகள் மத்தியில் கனவு கசியும் பெரிய ஓட்டை இதுதான், ஏனென்றால் இது பார்க்க மிகவும் பக்தியாக இருக்கும். ஒரு தங்கை தன் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போட்டாள், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எப்போது நேர்காணல், இப்போதைய வேலையை எப்போது விடப்போகிறாள் என்பதுவரை. மாலைக்குள் குழுவில் ஆமென்கள் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு போடும் இடத்தில் மூன்று பேர் "என்னம்மா, வேலையை விட்டாச்சா?" என்று கேட்டார்கள், அவர்களில் ஒருவர் அவளுடைய அலுவலகத்தில் வேலை செய்பவரின் அக்கா. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் மேலதிகாரியிடம் அவள் சொல்வதற்கு முன்பே செய்தி போய்விட்டது.

ஜெபம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விவரத்தை மட்டும் வெட்டுங்கள். "முக்கியமான ஒரு முடிவில் ஆண்டவருடைய சித்தம் தெளிவாகத் தெரிய ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதே போதும். பாரசீக ராஜாவின் மனைவியாக இருந்த யூதப் பெண் எஸ்தர், தலைநகர் சூசானில் இருந்த யூதர் எல்லாரையும் மூன்று நாள் உபவாசிக்கச் சொன்னாள், ராஜாவிடம் போகிறேன் என்பதைத் தன்னை வளர்த்த மொர்தெகாய்க்கு அறிவித்தாள், ஆனால் ராஜாவிடமே விண்ணப்பத்தை முதல் விருந்தில் சொல்லவில்லை, இரண்டாம் விருந்துவரை பொறுத்தாள். ஜெப ஆதரவு வேறு, காரியத்தைத் திறந்துவைக்கும் வேளை வேறு.

விவரத்தை அடக்குவதால் இன்னொரு பலனும் உண்டு. எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டால், அதன்பிறகு ஒருவர் வந்து "நீ ஒரு தொழில் ஆரம்பிப்பாய் என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்றால் அதை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? ஆண்டவர் காட்டினாரா, குழுவில் படித்தாரா? மரியாள் எலிசபெத்தின் வீட்டுக்குள் வந்து வாழ்த்தின மாத்திரத்தில், தான் கர்ப்பவதியான விஷயத்தை மரியாள் சொன்னதாக எதுவும் எழுதப்படாதபோதே, எலிசபெத்து பரிசுத்த ஆவியினால் நிரப்பப்பட்டு அதைப் பேசுகிறாள். உறுதிப்படுத்துதல் என்று நம்பி எடுத்துக்கொள்ள அப்படி ஒன்று வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:21 சொல்கிறது. சோதிக்க முடியாதபடி நாமே கெடுத்துவைத்துவிட்டு அப்புறம் குழம்பக் கூடாது.

7. கேட்கிறவர்களுக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்

இதற்குச் சவுலின் சிறிய தகப்பன் கேட்ட கேள்வியைப் பாருங்கள், 1 சாமுவேல் 10. எங்கே போனீர்கள் என்கிறார். கழுதைகளைத் தேடப் போனோம், சாமுவேலிடம் போனோம் என்கிறான். சாமுவேல் என்ன சொன்னார் என்று மறுபடி கேட்கிறார். கழுதைகள் அகப்பட்டதென்று சொன்னார் என்கிறான். சாமுவேல் தன்னை ராஜாவாக அபிஷேகம்பண்ணிய ராஜ்யபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னதெல்லாம் உண்மை, சொல்லாதது சொல்ல வேண்டியிராதது. பிற்காலத்துச் சவுலிடம் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, இந்த இடத்தில் இருக்கிறது.

"அடுத்து என்ன பிளான்?" என்று கேட்டால் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றிப் பேசுங்கள், அது உண்மையும்கூட. இன்னும் நெருக்கினால், "முடிவானதும் கட்டாயம் சொல்றேன் மாமா" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள். சொந்தபந்தத்தில் பெரியவர்கள் கேட்கும்போது அதைத் தட்டிக்கழிப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். குரலில் மரியாதை இருந்தால் போதும், அவர்கள் பெரும்பாலும் அன்பினால்தான் கேட்கிறார்கள், விவரம் கிடைக்காவிட்டால் வருத்தப்படமாட்டார்கள்.

இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, குறிப்பு கொடுத்துவிட்டு நிறுத்துவது. "ஒரு பெரிய விஷயம் இருக்கு, இப்போ சொல்ல முடியாது" என்பது முழுதாகச் சொல்வதைவிட மோசம், கேட்டவர் தூங்கமாட்டார். இன்னொன்று, விளையாட்டுக்குப் பொய்ப் பதில் சொல்வது. தெலீலாளிடம் சிம்சோன் மூன்று தரம் அப்படித்தான் விளையாடினான், அவள் தினந்தினம் நெருக்க நெருக்க நான்காவது தரம் தன் பலத்தின் ரகசியம் முழுவதையும் கொட்டிவிட்டான். ஒரே பதிலை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், கேட்கிறவருக்கே அலுத்துவிடும்.

8. கைபேசியைச் சரிபாருங்கள்

சீக்கிரம் முடிகிற வேலை. திட்டத்தை இணையத்தில் சேமித்திருந்தால், இணைப்பு கையில் கிடைத்த யாரும் திறக்கலாம் என்ற அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினியில் உங்கள் கணக்கு திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள். உருக்கமான வசனத்தோடு "புதிய தொடக்கம், விரைவில்" என்று ஸ்டேட்டஸ் போடுவது மேலே சொன்ன குறிப்பு கொடுக்கும் தவறேதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும், அழித்தாலும் திரும்பாது.

9. ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால்

பதறாதீர்கள், யோசேப்பின் கதை இதற்குத்தான் திரும்பவும் உதவுகிறது. சொன்னதை வாபஸ் வாங்க ஒரு பொய்யைக் கட்டாதீர்கள். இனிமேல் புதிய விவரம் எதையும் சேர்க்காமல் இருந்தாலே பேச்சு தானாகக் காய்ந்துவிடும். யாரிடம் சொன்னீர்களோ அவர்களில் முக்கியமான ஒருவர் இருவரிடம் மட்டும், "அன்றைக்குச் சொன்னது இன்னும் ஜெபத்தில் இருக்கிறது, இப்போதைக்கு உங்களோடு இருக்கட்டும்" என்று நேரில் சொல்லுங்கள். கேலி செய்தவரிடம் போய் நியாயம் பேசாதீர்கள். அலங்கத்தைக் கட்டும்போது ஓனோ சமபூமிக்கு வந்து பேசலாம் என்று எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் நாலு தரம் ஆள் அனுப்பினார்கள். பெரிய வேலையைச் செய்கிறேன், வரக்கூடாது என்று நாலு தரமும் நெகேமியா ஒரே பதிலைத்தான் அனுப்பினார். 52 நாளில் அலங்கம் முடிந்தது.

10. எப்போது திறந்து சொல்வது

மற்றவர்களின் கை இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்ற நிலை வரும்போது. இரவில் பார்த்துவிட்டு வந்த நெகேமியா அப்புறம் மூடி வைத்துக்கொண்டே இருக்கவில்லை, நிலைமையைச் சொல்லி, தேவனுடைய கரம் தன்மேல் நன்மையாக இருந்ததைச் சொல்லி, ராஜா சொன்னதையும் சொல்லி, கட்டுவோம் வாருங்கள் என்று கூப்பிட்டார். அவர்களும் எழுந்தார்கள். நம்மில் பயந்த சுபாவம் உள்ளவர்கள் இந்தக் கட்டத்திலும் வாய் திறக்காமல், உதவிக்கு ஆள் இல்லை என்று குறைப்படுவதுண்டு.

சாட்சியாகச் சபையில் சொல்வது இதற்கும் பிந்தியது. மாற்கு 1-ல் சுகமான குஷ்டரோகியிடம் ஒருவருக்கும் சொல்லாதே, ஆசாரியனுக்குக் காண்பி என்று இயேசு சொன்னார், அவனோ சந்தோஷத்தில் எங்கும் பரப்பினான், அதனால் இயேசு பட்டணத்துக்குள் வெளியரங்கமாய்ப் போக முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார். நல்ல செய்தியேகூட முந்திப் போனால் வேலைக்கு இடைஞ்சல் ஆகும். பவுல் தன் தரிசனத்தைப் பற்றி 2 கொரிந்தியர் 12-ல் எழுதும்போது அது நடந்து 14 வருஷம் ஆகியிருந்தது, அப்போதும் யாரோ ஒரு மனுஷனைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் எழுதுகிறார்.

முதல் கட்டம் நின்று, ஒரு வருஷமாவது ஓடியபிறகு சாட்சி சொல்லலாம். தொகை, சம்பளம், யார் யார் தடுத்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் கதையில் இன்னொருவர் வருகிறார் என்றால், கடன் கொடுத்தவரோ, கூட அழுத மனைவியோ, மேடை ஏறுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.